ஆளில்லாத வீட்டின் வெந்நீர்

1890களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் கோடை பிறந்துவிட்டால் வசதியான வீடுகள் பாதி காலியாகிவிடும். வீட்டுப் பெண்கள் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கோ மலைக்கோ கிளம்பிவிடுவார்கள். அலுவலகத்தையும் கடையையும் விட்டு அசைய முடியாத ஆண்கள் மட்டும் ஊரில் தங்குவார்கள். அவர்களில் பலருக்கு அடுப்புப் பற்றவைத்துப் பழக்கமில்லை. கரி அள்ளியதும் இல்லை. ஆனால் காலையில் சவரத்துக்கும் மாலையில் குளியலுக்கும் வெந்நீர் மட்டும் தவறாமல் வேண்டும். வீட்டு வெப்பமூட்டும் சாதனங்களை விற்றுவந்த கிளாரன்ஸ் கெம்ப் என்ற பால்டிமோர்க்காரர் இந்தத் தனிக்கட்டைகளைக் குறிவைத்தார். 1891-ல் தான் காப்புரிமை பெற்ற ‘கிளைமாக்ஸ்’ என்ற கருவியை அவர்களிடம் விளம்பரம் செய்தார். அடுப்பு வேண்டாம், ஆள் வேண்டாம், குழாயைத் திறந்தால் போதும் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

கடைச் சரக்காக விற்பனைக்கு வந்த முதல் சோலார் வாட்டர் ஹீட்டர் அதுதான். பிறந்ததே ஒரு பருவகாலத் தேவைக்காக என்பதைக் கவனிக்க வேண்டும். பிற்பாடு நூறு வருடத்துக்கும் மேலாக அதைப் பாடாய்ப் படுத்தியதும் பருவம்தான். வெயிலில் தண்ணீரைச் சுடவைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் போன பிறகு கூரைமேல் அந்தக் கருவி தனியாக என்ன பாடுபடுகிறது என்பதில்தான் பொறியாளர்களின் மூளை கரைந்தது. கோடைக் குடில், பனிச்சறுக்கு விடுதி, பள்ளிக்கூடம் போன்று வருடத்தில் சில மாதம் மட்டும் புழங்கும் கட்டடத்துக்கு எந்தக் கருவி சரிப்படும் என்ற கேள்விக்கு இன்று கிடைக்கிற விடைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பழைய சேதம் இருக்கிறது.

கெம்ப் எதையும் வெறுங்கையிலிருந்து உண்டாக்கிவிடவில்லை. அமெரிக்கப் பண்ணைகளில் கறுப்பு வண்ணம் பூசிய இரும்புத் தொட்டியை வெயில் படுகிற இடத்தில் வைத்துத் தண்ணீர் சூடாக்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. பிற்பகலில் நல்ல சூடு இருக்கும். சூரியன் இறங்கினால் சூடும் இறங்கிவிடும். இதற்கு மருந்து ஐரோப்பாவில் நூறு வருடத்துக்கு மேலாகச் சும்மா கிடந்தது. ஜெனிவாவைச் சேர்ந்த ஒராஸ் பெனடிக்ட் தெ சொசூர் 1767-ல் கண்ணாடி மூடிய பெட்டிகளை வெயிலில் வைத்துச் சோதித்தார். பக்கங்களுக்குக் காப்பு கொடுத்து, மேலே மூன்று கண்ணாடி போட்ட பெட்டிக்குள் வெப்பமானி 109 டிகிரி செல்சியஸ் காட்டியது. அதே பெட்டியைக் குளிர்ந்த மலை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனார்; அங்கேயும் ஏறக்குறைய அதே சூடுதான். பெட்டியின் சூட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெயிலே தவிர வெளிக்காற்று அல்ல என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் அந்தப் பெட்டியில் தண்ணீர் காய்ச்சி விற்கலாம் என்ற யோசனை அவருக்கு வரவில்லை; அவர் விஞ்ஞானி, வியாபாரி இல்லை.

கெம்ப் பண்ணைத் தொட்டியை எடுத்துச் சொசூரின் பெட்டிக்குள் வைத்தார். அவ்வளவுதான் கிளைமாக்ஸ். துத்தநாகம் பூசிய இரும்பில் நீள உருளைகளாக நாலு தொட்டிகள்; அவற்றுக்குக் கறுப்பு வண்ணம்; உள்ளே காப்புக் காகிதம் ஒட்டிய பைன் மரப்பெட்டி; மேலே கண்ணாடி. கூரைச் சரிவிலோ வெயில் படும் சுவரிலோ அதைப் பொருத்தலாம். குளியலறையில் குழாயைத் திறந்தால் கீழிருந்து பச்சைத்தண்ணீர் உள்ளே ஏறும். மேலே நிற்கிற சூடான தண்ணீர் வெளியே தள்ளப்படும். ஓடும் பாகம் எதுவும் இல்லை. ஏறக்குறைய 120 லிட்டர் பிடிக்கும் மிகச் சிறிய மாதிரிக்கு விலை 25 டாலர்.

மேரிலாந்து மாநிலத்து வெயிலில் ஏப்ரல் தொடக்கம் முதல் அக்டோபர் கடைசி வரை அது உழைத்தது. நல்ல வெயில் நாட்களில் உடம்புச் சூட்டைவிட அதிகமாகவே தண்ணீர் காய்ந்தது. அக்டோபர் முடிந்ததும் தொட்டிகளை வடித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் உறைந்து பிளந்துவிடும். கோடைக்கு மட்டுமான கருவி, கோடைக்கு மட்டுமான வாடிக்கையாளர். இந்தப் பொருத்தம் தற்செயலோ என்னவோ, பிற்காலத்தில் அது அத்தனை கச்சிதமாக அமைந்த இடங்கள் குறைவு.

கிளைமாக்ஸ் நிஜமாகவே காசு பார்த்தது பால்டிமோரில் அல்ல, கண்டத்தின் மறுகோடியில். 1895-ல் பாசடீனாவைச் சேர்ந்த இரண்டு வியாபாரிகள் 250 டாலர் கொடுத்துக் கலிஃபோர்னியாவில் அதைத் தயாரித்து விற்கும் உரிமையை வாங்கினார்கள். தென் கலிஃபோர்னியாவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, கரிக்குத்தான் பஞ்சம். வெளியிலிருந்து கப்பலேறி வரும் கரிக்கு யானை விலை. வருடத்துக்கு 9 டாலர் கரிச்செலவை மிச்சப்படுத்தும் பெட்டி, மூன்றே வருடத்தில் போட்ட காசைத் திருப்பிக் கொடுத்துவிடும். 1897 வாக்கில் பாசடீனா வீடுகளில் 30 சதவீதம் சோலார் வெந்நீருக்கு மாறியிருந்தன. 1900-க்குள் தென் கலிஃபோர்னியாவில் 1,600 கிளைமாக்ஸ் பெட்டிகள் கூரை ஏறியிருந்தன. இந்த எண்ணிக்கைகளையெல்லாம் பழைய விளம்பரத் தாள்களிலிருந்தும் கம்பெனிக் காகிதங்களிலிருந்தும் தேடிச் சேர்த்தவர்கள் கென் பியூட்டியும் ஜான் பெர்லினும். அவர்கள் 1980-ல் புத்தகமாக எழுதும்வரை, அமெரிக்கர்களே சோலார் ஹீட்டரை ஏதோ எழுபதுகளின் கண்டுபிடிப்பு என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பாசடீனாவுக்கும் ஒரு பருவம் உண்டு, ஆனால் தலைகீழ். கிழக்குக் கரைப் பணக்காரர்கள் பனியிலிருந்து தப்பிக்கக் குளிர்காலத்தில் இங்கே வந்து தங்கினார்கள். பாஸ்டன் பயண நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த வால்டர் ரேமண்ட் 1886-ல் திறந்த பெரிய ஹோட்டல் அந்தக் கூட்டத்தை நம்பியே கட்டப்பட்டது. அதாவது ஆள் நிறைந்திருக்கும் மாதங்களில் பகல் குறுகல், வெயில் சாய்வு. வெயில் கொளுத்தும் மாதங்களில் ஊர் காலி. பருவகாலக் கட்டடங்களுக்கு இன்றுவரை தலைவலியாக இருக்கும் முரண்பாடு இது.

கிளைமாக்ஸின் பெரிய குறை வேறு. தொட்டியும் வெயில் வாங்கும் பெட்டியும் ஒன்றாகவே இருந்ததால் இரவில் கண்ணாடி வழியே சூடு போய்விடும். காலையில் குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பு மட்டும். ஃபிராங்க் வாக்கர் என்பவர் 1898-ல் கூரைக்குள்ளேயே பதித்து, வீட்டு அடுப்போடும் இணைக்கும்படி ஒரு மாற்று கொண்டுவந்தார். வெயில் இல்லாத நாளில் அடுப்பு கைகொடுக்கும். இது ஒட்டுப்போட்ட தீர்வு. சரியான தீர்வுக்கு இன்னும் பத்து வருடம் ஆயிற்று.

வில்லியம் ஜே. பெய்லி கார்னகி எஃகு ஆலையில் வேலை பார்த்த பொறியாளர். உடல்நலத்துக்காகக் கலிஃபோர்னியா வந்தவர். 1909-ல் மன்ரோவியா என்ற சிற்றூரில் அவர் செய்த காரியம், கருவியை இரண்டாகப் பிரித்ததுதான். கூரையில் ஆழமில்லாத கண்ணாடிப் பெட்டி. அதற்குள் கறுப்புச் செப்புத் தகட்டில் ஈயம் வைத்துப் பற்றிய செப்புக் குழாய்கள். அதைவிட உயரத்தில், நல்ல காப்புப் போட்டு மூடிய தனித் தொட்டி. குழாயில் காய்ந்த தண்ணீர் இலேசாகி மேலே ஏறும். தொட்டியின் அடியிலிருந்து கனமான குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கும். பம்பு இல்லாமல் நாள் முழுக்க இந்தச் சுழற்சி நடக்கும். இரவில் குழாயில் உள்ள தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழேயே நின்றுவிடுவதால் தொட்டியின் சூடு திரும்பி இறங்காது. பகலில் பிடித்த சூட்டை இராத்திரிக்கும் வைத்துக்கொள்ளும் கருவிக்கு அவர் வைத்த பெயர் ‘டே அண்ட் நைட்’. இன்று நம் ஊர் மொட்டைமாடிகளில் நிற்கும் சோலார் ஹீட்டர்களும் பெரும்பாலும் இதே சூத்திரத்தில்தான் ஓடுகின்றன. கிளைமாக்ஸ் வியாபாரம் அதோடு படுத்துவிட்டது.

பெய்லிக்கு வந்த சோதனை 1913 ஜனவரியில். தென் கலிஃபோர்னியாவில் அப்படி ஒரு குளிரை யாரும் எதிர்பார்க்கவில்லை. சில இடங்களில் மைனஸ் 7 டிகிரி வரை இறங்கியது. ஆரஞ்சுத் தோப்புகள் கருகின. பெய்லியின் செப்புக் குழாய்கள் கூரை கூரையாக வெடித்தன. உறையும் தண்ணீர் கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். அரை அங்குலக் குழாய்க்கு அந்த நெருக்கலைத் தாங்கும் தெம்பு கிடையாது. வாடிக்கையாளர்கள் கோபத்தோடு வாசலில் வந்து நின்றார்கள்.

அந்த இரவின் பாடம் கொஞ்சம் நுட்பமானது. தொட்டி தப்பித்தது, அதற்குக் காப்பு இருந்தது, அதில் தண்ணீரும் நிறைய. அகப்பட்டுக்கொண்டது மெல்லிய குழாய்கள். வெயிலைச் சட்டென்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அவை மெல்லியதாக, கொஞ்சமே தண்ணீர் பிடிப்பதாக, வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும்படி செய்யப்பட்டிருந்தன. எது பகலில் திறமையோ அதுவே இராத்திரியில் பலவீனம். மேகமில்லாத இரவில் அப்படிக் கிடக்கும் தகடு தன் சூட்டை வானத்துக்கே இறைத்துவிடும். சுற்றியுள்ள காற்று உறைநிலைக்கு இறங்காதபோதே தகட்டுக்குள் தண்ணீர் உறைந்துவிடலாம். வீட்டில் ஆள் இருந்தால் ஒருவேளை சாயங்காலமே வடித்திருப்பார்கள். பூட்டிய வீட்டில் அதற்கும் வழியில்லை. வசந்தத்தில் கதவைத் திறந்து தண்ணீரை விடும்போதுதான் குழாய் பிளந்ததே தெரியவரும், அதுவும் கூரை ஒழுகி.

பெய்லி சும்மா இருக்கவில்லை. கூரைக் குழாயில் ஓடும் திரவத்தையும் குளிக்கிற தண்ணீரையும் வேறு வேறாக்கினார். கூரையில் தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த, எளிதில் உறையாத திரவம். அது தொட்டிக்குள் சுருளாக ஓடும் குழாய் வழியாகப் போய்ச் சூட்டை மட்டும் இறக்கிவிட்டுத் திரும்பும். குளிர்நாடுகளில் இன்று விற்கும் சோலார் ஹீட்டர்களில் பெரும்பகுதி இந்த இரட்டைச் சுற்றின் வாரிசுகள்தான். ஆல்கஹால் இருந்த இடத்தில் கிளைகால் வந்திருக்கிறது. 1918-க்குள் அவருடைய கம்பெனி 4,000-க்கு மேல் விற்றுவிட்டது. பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் மலிவான இயற்கை வாயு கிடைத்தது. பெய்லி யதார்த்தவாதி, தானே வாயு ஹீட்டர் தயாரிக்க ஆரம்பித்து, அதிலும் பெரும் பணம் பார்த்தார். சூரியனை நம்பிச் சூட்டிய பெயர் வாயு அடுப்பில் ஒட்டிக்கொண்டது.

ஆட்டம் ஃபுளோரிடாவுக்கு மாறியது. 1923-ல் பெய்லியிடம் உரிமை வாங்கிய பட் கேரதர்ஸ் என்ற கட்டுமானக்காரர் மயாமியில் கடை விரித்தார். அப்போது மயாமியில் நிலம் வாங்காதவனே பைத்தியக்காரன் என்கிற அளவுக்கு மனை வியாபாரம் சூடுபிடித்திருந்தது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து ஜனங்கள் வந்து குவியும் ஊர், குளிர்காலத்திலும் வெயில் காயும் ஊர், உறைபனி அபூர்வம். ஆள் வரும் பருவமும் வெயிலும் ஒன்றையொன்று பகைத்துக்கொள்ளாத இடம் ஒருவழியாகக் கிடைத்தது. 1926 செப்டம்பரில் அடித்த சூறாவளியில் மனை வியாபாரம் சரிந்தது. ஹீட்டர் வியாபாரமும் அதோடு போயிற்று. முப்பதுகளில் அரசு வீட்டுக் கடனை இலகுவாக்கியபோது மீண்டும் எழுந்தது. சார்லஸ் இவால்ட் என்பவர் மரப்பெட்டியை உலோகப் பெட்டியாக்கி, குழாய் அமைப்பையும் மயாமியின் ஈரக்காற்றுக்கு ஏற்ப மாற்றினார். 1941-ல் மயாமி மக்களில் பாதிப்பேருக்கு மேல் சூரியனில் காய்ந்த தண்ணீரில்தான் குளித்தார்கள். 1939-ல் கட்டிய எடிசன் கோர்ட்ஸ் என்ற அரசுக் குடியிருப்பிலும் சோலார் வெந்நீர்தான்.

மயாமியின் பழைய தெருக்களில் இதன் தடயம் ஒன்று உண்டு. தண்ணீர் தானாக மேலேற வேண்டுமானால் தொட்டி, தகட்டைவிட உயரத்தில் நிற்க வேண்டும். கூரைக்குமேல் தொட்டி துருத்திக்கொண்டிருந்தால் வீட்டின் அழகு கெடும் என்று, அதைச் சுற்றிப் பொய்யாக ஒரு புகைக்கூண்டு கட்டி மறைத்தார்கள். அடுப்பில்லாத வீட்டுக்குப் புகைக்கூண்டு. நூற்றாண்டு முழுக்கச் சோலார் விற்றவர்கள் அழகுக்காரர்களிடம் பட்ட அவஸ்தைக்கு இதைவிட நல்ல சின்னம் கிடையாது.

அந்தப் பொய்ப் புகைக்கூண்டுக்குள்தான் வினையும் இருந்தது. செப்புக் குழாயையும் துத்தநாகம் பூசிய இரும்புத் தொட்டியையும் தண்ணீர் வழியே இணைத்தால் இரும்பு அரித்துக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்ததால் தொட்டி ஓட்டையாகி மேல்தளம் நனையும்வரை யாரும் பார்ப்பதில்லை. இரண்டாம் உலகப்போர் வந்ததும் செம்பு முழுவதும் படைக்குப் போயிற்று. புது ஹீட்டர் செய்ய வழியில்லை. போர் முடிந்தபோது பழைய தொட்டிகள் ஒவ்வொன்றாக ஒழுகத் தொடங்கியிருந்தன. செம்பு, கூலி இரண்டும் ஏறியிருந்தன. மின்சாரக் கம்பெனியோ கட்டணத்தைக் குறைத்து மின் ஹீட்டரைக் கூவிக் கூவி விற்றது. ஐம்பதுகளோடு மயாமி அத்தியாயம் முடிந்தது.

இந்த இடத்தில் கதை இஸ்ரேலுக்குத் தாவுகிறது. எரிபொருள் தட்டுப்பாட்டில் திணறிய அந்தப் புதிய நாட்டில் லெவி யிஸ்ஸார் என்ற பொறியாளர் 1953-ல் ஹீட்டர் கம்பெனி தொடங்கினார். ஹாரி ஸ்வி தாபோர் என்ற இயற்பியலாளர் 1955-ல் அறிவித்த கறுப்புப் பூச்சு எல்லாவற்றையும் மாற்றியது. சாதாரணக் கறுப்பு, வெயிலை வாங்குவதுபோலவே சூட்டை வெளியே இறைக்கவும் செய்யும். தாபோரின் பூச்சு வாங்கும், இறைக்காது. 1980-ல் புதிய வீடுகளுக்குச் சோலார் ஹீட்டரை இஸ்ரேல் கட்டாயமாக்கியது. அங்கே வீடுகள் வருடம் முழுக்கப் புழங்குபவை. ஆகவே கூடுதல் சூடு வரமாகவே இருந்தது. அதே பூச்சு பூட்டிய வீட்டுக் கூரைக்குப் போனபோதுதான் 1913-க்கு நேர்மாறான வியாதி தொடங்கிற்று.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவும் ஐரோப்பாவும் சோலாரை மறுபடி கட்டிக்கொண்டன. அமெரிக்க அரசு 1978 முதல் 1985 முடிய வரிச்சலுகை கொடுத்தது. கடற்கரை வீட்டிலும் பனிமலை விடுதியிலும் பள்ளிக்கூடத்திலும் தகடுகள் ஏறின. பெரும்பாலும் கிளைகால் ஓடும் இரட்டைச் சுற்று. குளிருக்குப் பயமில்லை என்று விற்பனையாளர்கள் உறுதி சொன்னார்கள். குளிருக்குப் பயமில்லைதான். கோடைக்கு?

பனிச்சறுக்கு விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிசம்பரிலிருந்து மார்ச்சு வரை கூட்டம். ஜூலையில் ஈ காக்கை இல்லை. காலை பத்து மணிக்கே தொட்டி நிறையச் சூடு ஏறிவிடுகிறது. அளவு எட்டியதும் பம்பு நின்றுவிடுகிறது. சூரியன் நிற்பதில்லை. காலிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு ஊருக்குப் போன கதைதான். நல்ல பூச்சுள்ள தகடு 180 முதல் 200 டிகிரி வரை போகும். வெற்றிடக் குழாய் 250-ஐயும் தாண்டும். உள்ளே நிற்கும் கிளைகால் கொதித்து ஆவியாகிறது. அழுத்தம் தாங்காமல் பாதுகாப்பு வால்வு திறந்து கொஞ்சம் வெளியே கொட்டுகிறது. மிஞ்சியது நாள்தோறும் வெந்து வெந்து பழுப்பாகிப் புளிக்கிறது. கடைசியில் பிசினாகக் குழாயை அடைக்கிறது, அமிலமாகி உலோகத்தையும் தின்கிறது. உறையாமல் காக்கும் குணமும் போய்விடுகிறது. அடுத்த டிசம்பரில் விடுதிக்காரர் வந்து திறக்கும்போது, கோடையில் வெந்த திரவம் குளிரில் உறைந்து குழாயைப் பிளந்திருக்கலாம். ஒரே கருவிக்கு இரண்டு பருவத்திலும் அடி.

1985 டிசம்பரோடு வரிச்சலுகை முடிந்தது. பொருத்திய கம்பெனிகளில் பல மறுவருடமே காணாமற்போயின. பழுதைப் பார்க்க ஆள் இல்லாத ஹீட்டர்கள் கூரைகளில் அநாதையாகக் கிடந்தன. வருடத்தில் மூன்று மாதம் மட்டும் வரும் உரிமையாளர், கூரைமேல் ஏற மெக்கானிக்கைத் தேடுவதைவிட மின் ஹீட்டர் பொத்தானை அழுத்துவார். அப்படித்தான் பலர் அழுத்தினார்கள்.

கோடையில் கொதித்துக் குளிரில் உறையும் இந்தச் சிக்கலுக்கு நல்ல பதில் நெதர்லாந்தில் பரவலாகப் பிடித்த வடிகால் முறை. பம்பு ஓடும்போது மட்டும் தண்ணீர் கூரைக்கு ஏறும். நின்றால் முழுவதும் தன் எடையிலேயே வீட்டுக்குள் இருக்கும் சிறிய தொட்டிக்கு இறங்கிவிடும். அது காலி செய்த தகட்டுக்குள் காற்று ஏறிக்கொள்ளும். உறையவும் ஒன்றுமில்லை, கொதிக்கவும் ஒன்றுமில்லை. கிளைகால் வேண்டாம், வெறும் தண்ணீரே போதும். வடிகால் அமைப்புக்கு ஒரே பிடிவாதம் உண்டு: கூரையிலிருந்து தொட்டி வரை குழாய் முழுவதும் சரிவாக இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் குழாய் தொய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் அங்கே தண்ணீர் தங்கும். முதல் உறைபனியில் அந்த இடமே வெடிக்கும். ஆகையால் பிளம்பரின் கைநேர்த்தியே இதில் பாதி. ஒவ்வொரு காலையும் காலிக் குழாயில் தண்ணீரை உச்சிவரை தூக்க வேண்டியிருப்பதால் பம்பும் கொஞ்சம் பலசாலியாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் விலை. ஆளில்லாத நாட்களை மையமாக வைத்து யோசித்த முதல் அமைப்பு என்று இதைச் சொல்லலாம். பருவகாலக் கட்டடங்களுக்கு மற்றெதையும்விட இது பொருந்துவதற்கும் அதுவே காரணம்.

கிளைகாலை விட முடியாத இடங்களில் வேறு தந்திரம் பண்ணினார்கள்: தகட்டையே நிமிர்த்தி வைப்பது. ஆல்ப்ஸ் பகுதிகளில் 60 டிகிரிக்கும் மேலாகச் சாய்த்தோ, நேராகச் சுவரிலேயோ பொருத்துவார்கள். தாழ்ந்து வரும் குளிர்காலச் சூரியன் முகத்துக்கு நேரே அடிக்கும். கோடையில் உச்சிச் சூரியன் மேலாக வழுக்கிக்கொண்டு போகும். பனியும் தங்காது. ஜூலை வெயிலை வேண்டுமென்றே வீணாக்கும் இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் கெம்ப் திகைத்திருப்பார்.

அதற்குள் வேறொரு திசையிலிருந்தும் பயம் வந்தது. 1976 கோடையில் ஃபிலடெல்ஃபியாவின் பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹோட்டலில் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்கு வந்தவர்கள் மர்மமான நிமோனியாவில் விழுந்தார்கள். 29 பேர் மாண்டார்கள். அடுத்த வருடம் லீஜியனெல்லா என்ற பாக்டீரியா பிடிபட்டது. அங்கே சந்தேகம் விழுந்தது குளிரூட்டும் கோபுரத்தின்மேல். ஆனால் அந்தக் கிருமிக்கு மிகவும் பிடித்த இடம், 25-க்கும் 45 டிகிரிக்கும் இடையில் வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் எந்தத் தண்ணீரும்தான் என்று பிறகு தெரிந்தது. பல வாரம் யாரும் தொடாத சோலார் தொட்டி அப்படிப்பட்ட இடம். பூட்டிவிட்டுப் போகும்போது தொட்டியை வடித்துவிட வேண்டும், அல்லது திரும்பி வந்ததும் குளிக்கும்முன் 60 டிகிரிக்குச் சூடேற்றி எல்லாக் குழாயையும் திறந்து ஓடவிட வேண்டும் என்கிற விதி அதன் பிறகு வந்தது. முந்தைய தலைமுறை பிளம்பர்கள் தொட்டியைப் பெரிதாக வை என்பார்கள். பருவகால வீட்டுக்குச் சின்னத் தொட்டியே மேல் என்பது இப்போதைய கட்சி.

கோடைக் குடில்காரர்கள் மட்டும் இந்தச் சிக்கல் எதிலும் மாட்டவில்லை. எழுபதுகளில் நியூ மெக்சிகோவில் ஸ்டீவ் பேர் என்பவர் கறுப்புத் தொட்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, இரவில் மூடிபோட்டுச் சூடு காக்கும் ஒரு வடிவத்தைப் பரப்பினார். ரொட்டிப் பெட்டி என்று பெயர் பெற்ற அது, அடிப்படையில் கெம்பின் கிளைமாக்ஸேதான். பம்பு இல்லை, உணர்வி இல்லை, கிளைகால் இல்லை. தொட்டி நிறையத் தண்ணீர் இருப்பதால் தகடு போல 200 டிகிரிக்குத் தாவுவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை புழங்கும் வீட்டுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? திறமை குறைவு என்று பொறியாளர்கள் மூக்கைச் சுளிக்கலாம். காலி வீட்டில் திறமை அதிகமான கருவிதான் முதலில் கெட்டுப்போகிறது என்பதை எண்பதுகளின் கூரைகள் காட்டிவிட்டன.

பள்ளிக்கூடமும் கல்லூரி விடுதியும் இன்னும் முரண்டு பிடிக்கும் வகை. வெயில் உச்சத்தில் இருக்கும்போது விடுமுறை. கோயம்புத்தூர் விடுதியில் அது ஏப்ரல், மே. ஜெர்மனியில் ஜூலை, ஆகஸ்டு. மாணவர் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப்போட்டால் கோடையில் கொதிக்கும். விடுமுறையில் தங்குகிற சிலரை வைத்துக் கணக்குப்போட்டால் மற்ற மாதங்களில் பாதி வேலையை மின்சாரம் செய்ய வேண்டியிருக்கும். இரண்டாவதே புத்திசாலித்தனம். ஆனால் மானியம் சதுர மீட்டர் கணக்கில் கிடைக்கிற இடங்களில் முதலாவதைத்தான் வாங்குவார்கள்.

நம் பக்கத்தில் ஊட்டி, கொடைக்கானல் பங்களாக்கள் இந்தக் கணக்குக்குள் வருகின்றன. ஏப்ரல், மே சீசன். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளிகளில் உறைபனி. இப்போது அங்கே பரவியிருப்பது டியூப் வகை. சீனாவில் சிங்குவா பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து எண்பதுகளில் கிளம்பி உலகம் முழுக்க விலையைக் குறைத்த வெற்றிடக் கண்ணாடிக் குழாய் அது. இரண்டு கண்ணாடிச் சுவருக்கு நடுவே காற்றே இல்லாததால் குளிரை நன்றாகத் தாங்கும். ஆபத்து வேறு விதம். பூட்டிய பங்களாவில் மேல்தொட்டி வற்றி, டியூபுக்குள் தண்ணீர் இல்லாமல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். சீசனுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று காவலாளி நட்டநடுப் பகலில் வால்வைத் திறப்பார். பழுக்கக் காய்ந்த கண்ணாடியில் பச்சைத்தண்ணீர் பட்ட நொடியில் டியூப் வரிசையாகச் சிதறும். விவரம் தெரிந்த பிளம்பர்கள் விடியற்காலையில், அல்லது வெயில் தாழ்ந்த பிறகே தண்ணீர் விடுவார்கள். இல்லாவிட்டால் டியூப்மேல் தார்ப்பாயைப் போட்டு ஆறவிட்டுத் திறப்பார்கள். மாதக்கணக்கில் பூட்டிவைக்கும்போதும் அதே தார்ப்பாய்தான் மருந்து.

கடந்த சில வருடங்களில் இந்தப் பழைய வழக்கில் புது வாதி ஒருவர் நுழைந்திருக்கிறார். மின்சாரம் தரும் சோலார் பேனல் விலை சரிந்துவிட்டது. காலி வீட்டில் காய்கிற வெயில் தண்ணீராகத் தேங்கிக் கொதிப்பதற்குப் பதில், மின்கம்பி வழியே ஊருக்குள் போய்விடும். வீட்டுக்காரர் வரும் மாதத்தில் சாதாரண மின் ஹீட்டரோ ஹீட் பம்ப்போ வெந்நீர் போடும். குழாய் இல்லை, உறைவதற்கும் ஒன்றுமில்லை. பருவகால வீடு கட்டுகிற பலர் இப்போது இந்தப் பக்கம் சாய்கிறார்கள். கணக்கும் அவர்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஆனால் இதற்கு மின்கம்பி வேண்டும், மிச்ச மின்சாரத்தை வாங்கிக்கொள்கிற மின்வாரியமும் வேண்டும். கம்பி போகாத இடங்களில் நிலைமை வேறு. சுவிட்சர்லாந்தில் 2,883 மீட்டர் உயரத்தில் பனியாறுகளுக்கு நடுவே 2009-ல் திறக்கப்பட்ட மோன்தே ரோசா மலைக்குடிலில் மின் பேனல்களும் உண்டு, தண்ணீர் சூடாக்கும் தகடுகளும் உண்டு. அந்த மாதிரி இடத்தில் பழைய ஹீட்டர் ஒன்றை விலைபேசுகிறவர், தகட்டின் பரப்பையும் பூச்சையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குழாய்ப் பாதையின் மிகத் தாழ்ந்த இடத்தில் வடிகால் வால்வு இருக்கிறதா, அதைத் திறந்தால் மேலே உள்ள தண்ணீர் கடைசிச் சொட்டு வரை இறங்குகிறதா என்பதை முதலில் சோதிக்க வேண்டும்.